முதலில் சூடு, பிறகுதான் பால்: தாயில்லாப் பூனைக்குட்டி பற்றி ஒரு வாசகிக்கு

கேள்வி: டொக்டர், எங்கள் வளவில் உள்ள வைக்கோல் பட்டடைக்குள் பூனை ஒன்று மூன்று குட்டி போட்டிருந்தது. போன கிழமை தாயை ரோட்டில் வாகனம் அடித்துவிட்டது. அடுத்த நாள் விடியப் பார்த்தால் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன, எறும்பும் மொய்த்திருந்தது. ஒன்றுதான் மிச்சம். கண் திறக்கவில்லை. தொப்புள்கொடி காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பசும்பாலில் தண்ணீர் கலந்து துணித்திரியால் கொடுக்கிறோம். குடிக்கிறது, ஆனால் தண்ணீராக வயிற்றால் போகிறது, ஓயாமல் கத்துகிறது. அம்மம்மா, பூனை மயிர் உள்ளே போனால் முட்டு (ஆஸ்துமா) வரும், எங்காவது கொண்டுபோய் விடுங்கள் என்கிறார். அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணி, அதுவும் பயமாக இருக்கிறது. எட்டு வயது மகனோ பெட்டியை விட்டு எழும்பமாட்டேன் என்கிறான். இதைக் காப்பாற்ற முடியுமா?
ஒரு வாசகி, விசுவமடு

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் முக்கியமானதைச் சொல்லிவிட்டேன். கண் திறக்காத குட்டி அச்சில் பதில் வரும்வரை காத்திருக்காது. அன்று அவசரத்தில் சொன்னவற்றுக்கு விளக்கமும், சொல்லாமல் விட்டவையும் இங்கே.

காப்பாற்ற முடியும். கட்டாயம் பிழைக்கும் என்று மட்டும் சொல்லமாட்டேன். எல்லாம் சரியாகச் செய்தும் முதல் இரண்டு வாரத்துக்குள் போய்விடுகிற குட்டிகள் உண்டு, அதை மகனுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆனால் உங்கள் குட்டிக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. தொப்புள்கொடி பொதுவாக மூன்று முதல் ஐந்து நாளில் காய்ந்து விழும். அது இன்னும் ஒட்டியிருக்கிறது, ஆனால் காய்ந்துவிட்டது என்றால், குட்டி ஓரிரு நாளாவது தாயிடம் குடித்திருக்கிறது. பிறந்த முதல் நாளில் குடிக்கிற கடும்புப்பாலில்தான் நோயை எதிர்க்கும் சக்தி வருகிறது. ஒரு நாள் கழிந்துவிட்டால் குட்டியின் குடல் அதை உள்ளே எடுக்காது. உங்கள் குட்டிக்கு அது கிடைத்திருக்கும்.

மற்ற இரண்டும் பட்டினியால் செத்தன என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் இரவுப் பசியைக் குட்டி பெரும்பாலும் தாங்கும், ஓர் இரவுக் குளிரைத் தாங்காது. வன்னியில் என்ன குளிர் என்று கேட்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும் இடம்தான். ஆனால் மாசிப்பனி மச்சையும் துளைக்கும் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. தன் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கவும் தெரியாது. முதல் வாரத்தில் அதன் உடம்புச் சூடே 35, 36 பாகை செல்சியஸ்தான். அதைக் காப்பாற்ற, அது கிடக்கிற இடம் 30 முதல் 32 பாகை வரை இருக்க வேண்டும். தாயும் கூடப்பிறந்தவையும் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தே அந்தச் சூடு வந்துவிடும். தனிக்குட்டிக்கு அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நமக்கு மின்விசிறி போடாமல் நித்திரை வராத இரவுகூட அதற்குக் குளிராக இருக்கலாம்.

இதில் ஆட்கள் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. உடம்பு குளிர்ந்த குட்டியின் வயிறும் குடலும் வேலை செய்யாது. உடம்புச் சூடு 34 பாகை அளவுக்கு இறங்கிவிட்டால், கொடுக்கிற பால் செரிக்காமல் உள்ளேயே கிடந்து புளிக்கும், அல்லது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். பாவம் பசிக்கிறது என்று பாலை ஊற்றி, அந்தப் பாலாலேயே குட்டியைக் கொன்றுவிடுகிறோம். அதனால் ஒவ்வொரு தடவையும் பால் கொடுக்க முன் சுத்தமான சின்னிவிரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வாய் சூடாக இருந்து, விரலை உறிஞ்ச முயன்றால் கொடுக்கலாம். வாய் குளிர்ந்திருந்தால் பாலைத் தூர வைத்துவிட்டு, உங்கள் சட்டைக்குள், தோலோடு தோலாக வைத்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். சுடுதண்ணீரில் அமிழ்த்துவதோ, அடுப்புக்குப் பக்கத்தில் பிடிப்பதோ கூடாது. திடீர்ச் சூடும் ஆபத்துத்தான். துவண்டு போயிருந்தால் சீனித்தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் ஒரு துளி தடவலாம். ஊற்றக்கூடாது.

சூட்டுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு மட்டைப்பெட்டி, அடியில் மடித்த பழைய துணி. சோடாப் போத்தலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் போத்தலும் நெளியும், குட்டிக்கும் சுடும். மற்றப் பாதி சூடில்லாமல் இருக்கட்டும், கூடிப்போனால் குட்டி அந்தப் பக்கம் ஊர்ந்துபோகும். போத்தல் ஆறிவிட்டால் அதுவே குட்டியின் சூட்டை இழுத்துவிடும் என்பதால், பால் கொடுக்கிற நேரமெல்லாம் தண்ணீரை மாற்றுங்கள். இன்னொரு வழி, அரிசியைச் சட்டியில் இளஞ்சூடாக்கிப் பழைய காலுறையில் போட்டு முடிந்து வைப்பது. முன்பு குண்டு பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும், கோழிக்குஞ்சுக்குச் செய்கிற மாதிரி. இப்போது வீடுகளில் இருக்கிற எல்.ஈ.டி. பல்பில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது.

அப்புறம், பகல். மீள்குடியேறின காலத்தில் கிடைத்த தகரம் இன்றும் பல வளவுகளில் கொட்டிலாக நிற்கிறது. அதற்குள் மத்தியான நேரத்தில் பெட்டியை வைத்தால் குட்டி அவிந்துபோகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், உடம்பு சிவந்து கால்களைப் பரப்பிக் கிடந்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். உடனே போத்தலை எடுத்துவிட்டு நிழலான அறைக்கு மாற்றுங்கள். சிலர் குசினியில் அடுப்பங்கரை கதகதப்பு என்று அங்கே வைப்பார்கள், அந்தப் புகை ஆகாது. எறும்புக்கு, பெட்டியை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து அதன் நாலு காலையும் தண்ணீர் விட்ட சிரட்டைகளில் நிறுத்துங்கள். பால் பட்ட வாயை ஒவ்வொரு தடவையும் துடைத்துவிடுங்கள், பால் மணத்துக்குத்தான் எறும்பு வருகிறது.

இனிப் பால். எல்லாவற்றிலும் நல்லது இன்னொரு தாய்ப்பூனையின் பால்தான். விசுவமடுவில், தர்மபுரத்தில் யார் வீட்டிலாவது இதே அளவுக் குட்டிகளோடு ஒரு பூனை கட்டாயம் இருக்கும். அயலில் விசாரியுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் யாரையும்விட விரைவாகச் சொல்வார்கள். அந்தத் தாய் நோயில்லாமல், கொழுகொழுவென்று, இரண்டு மூன்று குட்டிகளோடு இருந்தால் நல்லது. அதன் குட்டிகள் கிடந்த துணியால் உங்கள் குட்டியைத் தடவி, தாய் இல்லாத நேரம் நடுவில் வைத்துவிட்டுத் தூர நின்று பாருங்கள். பெரும்பாலான தாய்ப்பூனைகள் ஏற்றுக்கொள்ளும். சீறினால், அடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டால் இந்தப் பதிலில் பாதியை நீங்கள் வாசிக்கவே தேவையில்லை.

கிடைக்காவிட்டால் பூனைக்குட்டிக்கென்றே விற்கிற பால்மா. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ செல்லப்பிராணிக் கடைகளில் விசாரித்து, இருந்தால் பஸ்சில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். அது வந்துசேரும்வரை ஒரு நாள், இரண்டு நாளுக்கு மட்டும் வீட்டுக் கலவை ஒன்றைக் கொடுக்கலாம்: கொழுப்பு எடுக்காத காய்ச்சி ஆறிய பால் ஒரு கோப்பை, அதாவது 240 மில்லி, முட்டை மஞ்சள்கரு இரண்டு, தாவர எண்ணெய் ஒரு தேக்கரண்டி. நன்றாக அடித்து, மெல்லிய துணியில் வடித்துக் கொடுங்கள். வெள்ளைக்கரு சேர்க்கக்கூடாது. குழந்தைப் பால்மா, ரின்பால், தேன் எதுவும் வேண்டாம்.

பசும்பாலுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, கொழுப்பும் கூட. நீங்கள் அதில் தண்ணீரும் கலந்திருக்கிறீர்கள், குட்டிக்கு வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. பாலில் உள்ள இனிப்புச் சத்து அதன் குடலுக்குக் கூடிப்போய் வயிற்றோட்டமும் வரும். இப்போது நடப்பது அதுதான். ஆட்டுப்பால் நல்லது என்று அயலில் சொல்வார்கள். செரிப்பதற்குக் கொஞ்சம் இலகு என்பது சரி, ஆனால் சத்தில் அதுவும் பசும்பாலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதை மட்டும் கொடுத்துக் குட்டியை வளர்க்க முடியாது.

வயிற்றால் போவதை நிறுத்த இப்படிச் செய்யுங்கள். பசும்பாலை இன்றோடு விடுங்கள். பார்மசியில் ஜீவனி, அதாவது வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள், வாங்கி, பக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து, இளஞ்சூட்டில் ஒன்றிரண்டு வேளை பாலுக்குப் பதில் கொடுங்கள். அடுத்த வேளை புதுப்பாலை ஐதாகக் கரைத்துத் தொடங்கி, ஒரு நாளுக்குள் முறையான அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாளில் குறையாவிட்டால், அல்லது கழுத்துத் தோலைப் பிடித்துவிட்டால் பழைய இடத்துக்குப் போகாமல் கூடாரம்போல் நின்றால், அதற்குமேல் வீட்டு வைத்தியம் வேண்டாம், மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மனிதர் வயிற்றோட்டத்துக்குப் போடும் குளிசையை நுணுக்கிக் கொடுக்கிற வேலை எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

துணித்திரியையும் கைவிடுங்கள். எவ்வளவு உள்ளே போனது என்று அதில் தெரியாது. நூல் வயிற்றுக்குள் போகும். இந்த வெக்கைக்கு அரை மணியில் துணி புளித்துவிடும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் பார்மசியில் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். பாலைக் கிண்ணத்தோடு சுடுதண்ணீரில் வைத்து இளஞ்சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குட்டியைத் துவாயின் மேல் குப்புற விட்டு, தலையை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே கொடுக்க வேண்டும். பச்சைக் குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்துக் கொடுப்பதுதான் நான் அதிகம் காண்கிற பிழை. பால் மூச்சுக்குழலுக்குள் போய் நியூமோனியாவில் முடியும். வாயின் ஓரத்தில் சிரிஞ்சை வைத்துத் துளித்துளியாக விடுங்கள், ஒன்றை விழுங்கிய பிறகு மற்றது. மூக்கால் பால் வந்தால் நிறுத்தித் துடைத்து, தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் மூக்கால் வந்தால் மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவு எடையைப் பொறுத்தது. பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். 100 கிராம் எடைக்கு ஒரு நாளில் 20 மில்லி அளவு பால் வேண்டும், ஒரு வேளையில் 4 மில்லிக்குமேல் அந்த வயிறு கொள்ளாது. அதனால் முதல் வாரம் இரண்டரை, மூன்று மணிக்கொரு தடவை 2 முதல் 2.5 மில்லி. சாமத்திலும் எழும்பத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. இரண்டாம் வாரம் நாலு மணிக்கொரு தடவையாகக் குறைக்கலாம். வயிறு உருண்டு, ஆனால் இறுகாமல் இருந்தால் போதுமானது. கரைத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாளுக்குமேல் வைக்காதீர்கள். பெட்டி இல்லாத வீட்டில் அந்தந்த வேளைக்கு மட்டும் கரையுங்கள். குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

பால் கொடுத்தால் மட்டும் போதாது. இந்த வயதில் குட்டிக்குத் தானாகச் சிறுநீர், மலம் கழிக்க வராது, தாய் நக்கித்தான் வரவைக்கும். ஒவ்வொரு தடவையும் பாலுக்கு முன்னோ பின்னோ, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் வாலடியை மெல்லத் தட்டித் தடவுங்கள். சிறுநீர் ஒவ்வொரு தடவையும் வரும், மலம் நாளுக்கு ஒரு தடவை வந்தாலும் போதும், கடுகு மஞ்சளில் பற்பசைப் பதத்தில் இருக்கும். மூன்று வாரம் வரைக்கும் இது உங்கள் வேலை. தொலைபேசியில் கேட்டபோது, இதை நீங்கள் ஒரு தடவையும் செய்யவில்லை என்றீர்கள். வயிற்றோட்டம் தானாக வடிகிறது, ஆனால் சிறுநீர் அடைபட்டு நிற்கலாம். ஓயாமல் கத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். சூடும் வயிறும் சரியாக இருக்கிற குட்டி பெரும்பாலும் நித்திரைதான் கொள்ளும். கத்துகிற குட்டியைவிட, கத்திக்கொண்டிருந்து திடீரென்று அடங்கிப்போகிற குட்டிக்குத்தான் நான் பயப்படுவேன்.

எடை பார்க்கும் வேலையை மகனிடம் கொடுங்கள். சமையல் தராசு இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் இலத்திரனியல் தராசு இருக்கும், மிளகாய்த்தூள் நிறுக்கிறவர் ஒரு குட்டியையும் நிறுத்துத் தருவார், தட்டில் ஒரு கடதாசியைப் போட்டால் சரி. நாளும் ஒரே நேரத்தில் நிறுத்துக் கொப்பியில் எழுதட்டும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒரு நாள் கூடாமல் நின்றால் கவனம், குறைந்தால் அன்றே காட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வருத்தத்தைத் தராசு முதலில் காட்டிவிடும்.

தெள்ளுக்கு வருகிறேன், வைக்கோலில் கிடந்த குட்டிக்கு அது இல்லாமல் இராது. இத்தனை சின்ன உடம்பில் தெள்ளு இரத்தத்தைக் குடித்தே ஆளை முடித்துவிடும், ஈறு வெளிறியிருந்தால் அது காரணமாக இருக்கலாம். ஆனால் மருந்து அடிக்காதீர்கள். பெர்மெத்ரின் சேர்ந்த நாய்த் தெள்ளு மருந்து பூனையைக் கொல்லும். மண்ணெண்ணெய், டெட்டோல், கற்பூர எண்ணெய் எல்லாம் பூனைக்கு நஞ்சுதான், இப்படியான பலவற்றை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. பனடோலும் அதே கதை, வளர்ந்த பூனைக்கே ஒரு குளிசை உயிரை எடுக்கும். நுண்பல் சீப்பால் வாரி, தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நிறைய இருந்தால், வெயில் நேரத்தில், கழுத்துக்குக் கீழே இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டு விரைவாகக் கழுவி, உடனே ஈரமில்லாமல் துடைத்துச் சூட்டில் வையுங்கள்.

அம்மம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முட்டு வருத்தம் உள்ளவர்களுக்குப் பூனையால் முட்டு இழுக்கலாம். மயிரை விழுங்குவதால் வருவதில்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் காய்ந்து தூசியாகப் பறந்து மூச்சோடு உள்ளே போவதால் வருகிறது. வீட்டில் யாருக்கும் முட்டு இல்லையென்றால் பயம் வேண்டாம். இருந்தால் பெட்டியைப் படுக்கும் அறைக்குள் வைக்காமல் விட்டால் சரி. அம்மம்மாவிடம் நீங்களே வாதாடாமல், டொக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

அக்காவின் விஷயம் வேறு. கர்ப்பிணிகளுக்கு ஆகாத டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி, எலியும் குருவியும் பிடித்துத் தின்கிற பூனையின் மலத்தில் வரும். அந்த மலமும் ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். பால்குடிக் குட்டியிடமிருந்து அது வருவது அரிது, ஆனாலும் அக்கா அதன் மலத்தைத் துடைக்க வேண்டாம். வேறொருவர் துடைத்து, உடனே புதைத்து, சவர்க்காரம் போட்டுக் கைகழுவட்டும். உண்மையில் அக்கா கவனிக்க வேண்டியது பூனைகள் திரிகிற தோட்டத்து மண்ணில் வெறுங்கையோடு வேலை செய்வதையும், கழுவாத கீரையையும், சரியாக வேகாத இறைச்சியையும். கிளினிக்குக்குப் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் வீட்டில் பூனை இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லி வைக்கட்டும். குட்டியைக் கொண்டுபோய் விடுகிற அளவுக்கு இது காரணமில்லை.

கண் ஏழு முதல் பதினாலு நாளுக்குள் தானாகத் திறக்கும். விரலால் பிரிக்காதீர்கள். மூடிய இமை வீங்கினால் உள்ளே சீழ் கட்டியிருக்கும், அது வைத்தியர் வேலை. பூச்சிமருந்து இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கலாம், அளவை எடை பார்த்து நாங்கள் சொல்கிறோம். மூன்று வாரத்தில் ஒரு தட்டத்தில் மணல் வைத்தால் தானே கிண்டப் பழகும். நாலாவது வாரத்தில் முள் எடுத்து அவித்த மீனைப் பாலோடு மசித்து நக்கக் கொடுங்கள். உப்பு, தூள், வெங்காயம் சேராத மீனாக இருக்க வேண்டும். அந்த வயதில் மகன் கைவிரலை ஆட்டிக் கடிக்கவிட்டு விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக வளர்கிற குட்டிக்குக் கடியின் அளவைச் சொல்லிக்கொடுக்கக் கூடப்பிறந்தது இல்லை, வளர்ந்த பிறகும் கையைக் கடிக்கும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் கட்டாயம். அதற்கு முன்போ பின்போ, இந்தக் குட்டியோ வேறு பூனையோ யாரையாவது கடித்தால், கீறினால், சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். பெட்டையாக இருந்தால் நாலு, ஐந்து மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். அந்த வயதிலேயே சினைப்படும், இரண்டே மாதத்தில் குட்டி போடும், பிறகு அதே பட்டடைக்குள் அதே கதை.

எங்கள் பக்கத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகம் என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் என்று நினைத்துப் பூனையைக் கொண்டுவரக் கூச்சப்படுகிறார்கள். வெளியே மாடுகள் வரிசையில் நிற்கும்போது துவாய்க்குள் ஒரு குட்டியை ஒளித்து வைத்துக்கொண்டு கடைசிவரை ஒதுங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நிற்காதீர்கள், இந்த வயதுக் குட்டிக்கு வரிசையில் நிற்கிற நேரமும் நேரம்தான். உள்ளே வந்து சொல்லுங்கள். வரும்போது குட்டியைச் சூட்டுப் போத்தலோடு பெட்டியில் கொண்டுவாருங்கள், வழியில் மோட்டார்சைக்கிள் காற்றுப் படாமல் மேலே ஒரு துணி போட்டு. கொடுக்கிற பாலின் பக்கெட்டும் மகனின் எடைக் கொப்பியும் கூட இருந்தால், என்ன நடந்தது என்று நான் கேட்டு விசாரிக்கிற நேரம் மிச்சம்.